ஓய்வு கேட்டு வருகிறவனுக்கு இன்னொரு கூட்டமா?

நம் கிறிஸ்தவ சபைகளில் ஒரு வாரத்துக்கு எத்தனை கூட்டங்கள் நடக்கின்றன என்று யாராவது விரல் விட்டு எண்ணிப் பார்த்ததுண்டா? செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம். புதன் அல்லது வியாழன் வேதபாடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழு இரவு ஜெபம். ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளி, பிறகு ஆராதனை, மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம். இவற்றில் எதுவும் கெட்ட காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஓய்வு எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஓய்வுநாள் பள்ளி என்று பெயரில் மட்டும் இருக்கிறது!

நான் ரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. டிக்கெட் ஜன்னலின் உட்பக்கம் உட்கார்ந்திருப்பவன். வேலை மலைக்குக் கீழே, வீடு அகளியில். வார ஓய்வு எந்தக் கிழமையில் விழுகிறதோ அன்றைக்கு மண்ணார்க்காடு வழியாக அட்டப்பாடிச் சுரம் ஏறி வீடு வந்து சேருவேன். பத்திரிகைக்குச் செய்தி சேகரிப்பதும் அந்த ஓய்வில்தான். அப்படிப் போகிற இடங்களிலெல்லாம் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன். ரயில்வே கேட்டில் இரவு வேலை பார்க்கிறவர் சொல்கிறார், ஆனைகட்டி வழியாகக் கோவைக்குப் போய் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று திரும்பும் பெண் சொல்கிறாள், பள்ளிக்கூடத்து ஆயா சொல்கிறார். வேலை, வீடு, தூக்கம், மறுபடி வேலை. பிள்ளைக்கு பீஸ், அப்பாவுக்கு மருந்து, தங்கைக்குச் சீர். ஆண்டவர் என்னை இதற்காகத்தானா படைத்தார்?

இது நாத்திகம் பேசுகிறவர்களின் கேள்வி இல்லை. விசுவாசம் உள்ளவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் இதைச் சபையில் போய்ச் சொன்னால் வருகிற பதில் என்ன? 'ஜெபம் குறைந்து போயிற்று தம்பி, அதனால்தான் சோர்வு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாருங்கள்.' பாரம் சுமந்து வருகிறவனுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் வசனம் அந்த அறைச் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இந்த யோசனையும் சொல்லப்படுகிறது.

உடம்புச் சோர்வை ஆத்துமாவின் குறையாகக் கணக்கெழுதுவது தப்பு என்பது என் அபிப்பிராயம். பரிசுத்த வேதாகமமே அப்படிக் கணக்கெழுதவில்லை. எலியா தீர்க்கதரிசியின் கதை எல்லோருக்கும் தெரியும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட மனிதர், அதற்குப் பிறகு யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. ஏன் ஓடி வந்தாய் என்று விசாரிக்கவும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். 'இனி உனக்கு என்ன வேலை' என்கிற பேச்சு அதற்குப் பிறகுதான், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்தான் வருகிறது. முதலில் சோறு, தூக்கம், அப்புறம்தான் ஊழியம். இந்த வரிசையை நம் சபைகள் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன.

சோர்ந்துபோய்ச் சாகத் துணிந்தவர் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இன்னொருவர் நினைவு வரும். டி.ஜி.எஸ். தினகரன். சுரண்டையில் 1935-ல் பிறந்தவர். வேலை கிடைக்காத இளைஞராக, 1955-ல், கோயம்புத்தூர்ப் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உயிரை விடப் புறப்பட்டுப் போனார். வழியில் அவருடைய மாமா ஒருவர் அவரைக் கண்டு தடுத்து, இயேசுவைப் பற்றிச் சொல்லித் திருப்பினார் என்பது அவரே பல மேடைகளில் சொன்ன சாட்சி. ரயில்வேயில் இருப்பவனுக்குத் தண்டவாளச் செய்தி என்றால் மனசு பதறும். தண்டவாளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு மனிதரின் கதை என்பதாலேயே எனக்கு அதில் ஒரு ஒட்டுதல் உண்டு.

அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டங்களில் சேர்ந்த லட்சக்கணக்கான ஜனங்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் அதன் பிறகு ஸ்டேட் வங்கியில் உத்தியோகத்தில் சேர்ந்து, கல்யாணம் செய்து, பல ஆண்டுகள் பகலில் வங்கிக் கணக்கும் மற்ற நேரத்தில் பிரசங்கமுமாக இருந்தார். சம்பளத்துக்கு வேலை செய்தபடியேதான் அவருடைய ஊழியம் வளர்ந்தது. 2008-ல் அவர் மறைந்தபோது வந்த இரங்கல்களில் அந்த வங்கி நாட்களைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அவருடைய கூட்டங்களின் பாணி எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கே அதில் சில சந்தேகங்கள் உண்டு. ஆனாலும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து லெட்ஜர் எழுதிய மனிதரைத்தான் ஆண்டவர் உபயோகித்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

பவுல் அப்போஸ்தலனும் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரம் பண்ணிப் பிழைத்தவர்தானே. பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் 17-ம் நூற்றாண்டில் சமையற்கட்டில் பாத்திரத்தோடு பாத்திரமாக இருந்து, பிறகு செருப்புத் தைத்து, 1691-ல் இறந்துபோன சகோதரர் லாரன்ஸ் என்ற ஒரு துறவியின் பேரையும் போதகர்கள் எடுத்துச் சொல்வார்கள். அடுப்படியிலேயே கடவுளோடு பேசிக்கொண்டிருந்தவராம். நல்லதுதான். ஆனால் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணி பஸ்ஸும் இல்லை!

நிற்க. குடும்பம் என்பதைச் சில பிரசங்கிமார் ஊழியத்துக்கு இடைஞ்சல் போலப் பேசுகிறார்கள். தாய் தகப்பனை விட்டுப் புறப்பட்டவர்களின் கதைகளே மேடையில் அதிகம் ஏறுகின்றன. இயேசுவின் காலத்திலேயே இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், அவர்களைக் கவனிக்க வேண்டிய கடமை தீர்ந்தது. மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் இயேசு இதை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று வாசித்துப் பார்க்கலாம். சிலுவையில் தொங்கும்போதுகூடத் தன் தாயை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் உயிரை விட்டார். அப்பாவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கோட்டத்துறை ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிற மகன், அன்றைக்கு வேதபாடத்துக்கு வரவில்லை என்பதற்காக வெட்கப்பட வேண்டிய அவசியமே இல்லை. அவன் ஊழியத்தில்தான் நிற்கிறான்.

ஓய்வு என்பது கிறிஸ்தவனுக்குச் சோம்பேறித்தனமா? பத்துக் கட்டளைகளில் ஒன்று அதைப் பற்றியது. அந்தக் கட்டளையை முழுதும் படித்தால், எஜமானுக்கு மட்டும் ஓய்வு என்று அதில் இல்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஓய்வு. உபாகமத்தில் காரணமும் சொல்லியிருக்கிறது: நீங்களும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள். சொல்லப் போனால் உலகத்திலேயே பழைய தொழிலாளர் சட்டங்களில் இது ஒன்று.

பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 321-ம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாள் என்று கட்டளையிட்டபோது, அது நீதிபதிகளுக்கும் பட்டணத்து ஜனங்களுக்கும் பட்டறைகளுக்கும்தான். நாட்டுப்புறத்து விவசாயி பயிர் வேலையைத் தொடரலாம் என்று விதிவிலக்கு வைத்தார். மலைக்காட்டில் மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அன்றிலிருந்தே ஞாயிறு கைக்கெட்டாமல் போயிற்று. நம் நாட்டில் பம்பாய் மில் தொழிலாளருக்கு 1890-ல் ஞாயிறு விடுமுறை கிடைத்ததற்குக் காரணம், ஜோதிபா பூலேயின் வழி வந்த நாராயண மேகாஜி லோகாண்டே நடத்திய போராட்டம். மிஷனரிமார் வாங்கித் தந்தது அல்ல. அதற்கு மறு வருஷம், 1891-ல், போப்பாண்டவர் 13-ம் லியோ தொழிலாளர் பற்றிய தமது புகழ்பெற்ற சுற்றுமடலில் ஓய்வு நாளைத் தொழிலாளியின் உரிமையாக வற்புறுத்தினார். 2025-ல் பதவிக்கு வந்த போப் 14-ம் லியோ, தம் பெயரை அந்த லியோவை நினைத்துத்தான் தேர்ந்துகொண்டதாகக் கூறியிருக்கிறார்.

என் இலாகாவையே எடுத்துக்கொள்கிறேன். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தொடர் வேலை என்று வகுக்கப்பட்ட ஊழியருக்கு வாரத்துக்குச் சராசரி 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வாரத்தில் தொடர்ந்தாற்போல் 30 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். விட்டுவிட்டு வரும் வேலை என்று வகுக்கப்பட்டவருக்கு வேலை 75 மணி நேரம் வரை போகலாம். ஓய்வு 24 மணி. இந்த மணிக் கணக்கெல்லாம் தானாக விழுந்த பழம் அல்ல. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1974 மே 8-ந் தேதி தொடங்கி 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் மங்களூர்க்காரர். பாதிரியாராவதற்காகப் பெங்களூர் குருமடத்தில் பயின்றவர். மேலே உள்ளவர்களுக்கு உயர்ந்த மேஜை, நல்ல சாப்பாடு, மாணவர்களுக்கு வேறு என்பதைப் பார்த்து மனம் கசந்து வெளியேறியவர். குருமடத்தில் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பிரசங்கம் செய்திருப்பாரோ, வெளியே வந்து அதைவிட அதிகம் பேருக்கு ஓய்வைப் பற்றிப் பேசிவிட்டார்.

அந்த 30 மணி நேரம் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வராது. ரயில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறதல்லவா? ஆஸ்பத்திரி நர்சு, பஸ் கண்டக்டர், ஓட்டல் சிப்பந்தி எல்லோருக்கும் இதே கதைதான். இவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலுக்கு வந்தால் அதிகம். சபையின் கணக்கில் இவர்கள் 'ஒழுங்காக வராதவர்கள்'. நற்கருணை வாங்க முடியாமல் ஆறு மாதம் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

அகளியிலிருந்து இடுக்கிப் பக்கம் போனால் இதே சங்கதி இன்னும் கூர்மையாகத் தெரியும். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்வது பெரும்பாலும் தமிழ் ஜனங்கள். ஊருக்கு நடுவில் குன்றின் மேல் இருக்கிற சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தில் முதலில் வந்தது கல்லறை, பிறகுதான் கோயில். 1894-ல் காலராவில் இறந்த எலினர் என்ற வெள்ளைக்காரத் துரையின் இளம் மனைவியை அங்கே புதைத்தார்கள். ஆலயம் எழும்பியது 1910, 1911-ல். துரைமாருக்காகக் கட்டிய அந்தக் கோயிலில் இன்று தமிழ் ஆராதனை நடக்கிறது. அதற்கும் முந்தி, 1898-ல் தோன்றிய மவுண்ட் கார்மல் மாதா கோயில் 2024-ல் பசிலிக்கா என்ற அந்தஸ்தைப் பெற்றது. கோயில்களுக்குக் குறைவில்லை.

அந்தக் கோயில்களுக்கு வருகிற பெண்ணின் நாள் எப்படிப்பட்டது? இருட்டோடு எழுந்து, லயத்து வீட்டில் சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, எட்டு மணிக்கு மலைச் சரிவில் நிற்க வேண்டும். 2015-ல் ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து எடுத்தால்தான் 232 ரூபாய்க் கூலி. சாயங்காலம் இறங்கி வந்தால் மறுபடி அடுப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் அந்தப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாறு நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவிகித போனசை வாங்கினார்கள். பிறகு கூலி 301 ரூபாய் ஆயிற்று. கேட்டது 500. அவர்களில் கிறிஸ்தவப் பெண்களும் இருந்தார்கள், இந்துப் பெண்களும் இருந்தார்கள். மாரியம்மனையும் மாதாவையும் கும்பிட்ட கைகள் ஒன்றாகத்தான் உயர்ந்தன. ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, பெட்டிமுடி லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். நாளெல்லாம் உழைத்துவிட்டுப் படுத்த ஜனங்கள்.

இப்படிப்பட்ட பெண்ணிடம் போய், வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபத்துக்கு வா, சனிக்கிழமை இரவு விழித்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளாக விரும்பி வந்தால் அது வேறு. சிலருக்கு அந்த இரவு ஜெபம்தான் வாரம் முழுவதற்கும் ஒரே ஆறுதல், வாய்விட்டு அழக் கிடைக்கிற ஒரே இடம் என்பதும் உண்மை. அதைப் பறிக்கச் சொல்லவில்லை. வராதவளை 'விசுவாசத்தில் குளிர்ந்தவள்' என்று எழுதி வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். சபை விருந்து என்றாலும் வேலை அவளுக்குத்தானே! ஆண்கள் உள்ளே ஜெபிப்பார்கள். பெண்கள் பின்கட்டில் காபி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, தன் படிப்புக்காக ஓயாமல் உழைத்த தகப்பன் 1903-ல் மரணப் படுக்கையில் விழுந்ததைக் கண்டார். அங்கேயே தன் வாழ்நாளைத் தொழிலாளருக்கென்று கொடுப்பதாகப் பொருத்தனை செய்துகொண்டார். 1925-ல் இளம் கிறிஸ்தவ உழைப்பாளர் இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய முறை எளியது. வேலை செய்யும் பிள்ளைகள் நாலைந்து பேராக உட்கார்ந்து, தங்கள் பட்டறையில் நடப்பதைப் பார்ப்பது, அது சரியா தப்பா என்று வேதத்தின் முன் வைத்து யோசிப்பது, ஒரு சின்னக் காரியத்தையாவது செய்வது. வேலைக்குப் பிறகு தேடவேண்டிய ஒன்றாக இல்லாமல், வேலை நடக்கிற இடத்திலேயே விசுவாசம் அவர்களுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த இயக்கம் கால் வைத்தது. இன்று எத்தனை பங்குகளில் இதன் பெயர் தெரியும்?

இதைப் படிக்கிற இந்து நண்பர்கள், இது உங்கள் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கார்த்திகை பிறந்து மாலை போட்டுக்கொண்ட லாரி டிரைவரையும் மூட்டை தூக்குகிறவரையும் நான் தினமும் ஸ்டேஷனில் பார்க்கிறேன். அதே வேலை, அதே சம்பளம். ஆனால் அந்த 41 நாளும் அவர்கள் நடையே வேறு. எதற்காக உழைக்கிறோம் என்று தெரிந்த மனிதனின் நடை அது. எங்கள் ஜனத்துக்கும் வேண்டியது அதுதான். ஆனால் அது வருஷத்தில் 41 நாளோடு நின்றுவிடாமல், டியூட்டியிலும் அடுப்படியிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கூடவே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அதைக் கொடுக்கிற விசுவாசம் எங்களிடம் இருக்கிறது. அதை உட்கார்ந்து கேட்கத் தெம்புதான் இல்லை.

போதகர்மாருக்கும் சபைக் கமிட்டிக்காரர்களுக்கும் நான் சொல்வது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்காக வார நாளில் ஒரு மாலை முக்கால் மணி நேர ஆராதனை வைக்கலாம். நற்கருணையோடு, அறிவிப்புகள் இல்லாமல். அறிவிப்புகளை நிறுத்தினாலே பாதி நேரம் மிச்சமாகும். மாதத்தில் ஒரு நாள் போதகர் லயத்துக்கோ ரயில்வே கேட்டுக்கோ ஆஸ்பத்திரி நர்சுகள் தங்கும் விடுதிக்கோ தாமே போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வரலாம். சபை விருந்தில் ஒரு தடவையாவது ஆண்கள் சமைத்துப் பெண்களை முதல் பந்தியில் உட்கார வைக்கட்டும். சாம்பாரில் உப்பு கூடினாலும் பரவாயில்லை. வேதபாடம் நடக்கும்போது பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைப் பார்த்துக்கொள்ள, படித்த வாலிபர் இரண்டு பேரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தால், தாய்மார் நிம்மதியாக வேதத்தைத் திறப்பார்கள்.

வரும் ஆண்டின் சபை நிகழ்ச்சி அட்டவணையை டிசம்பர் மாதத்தில் அச்சுக்குக் கொடுப்பது வழக்கம். அதற்கு முன் நடக்கிற கமிட்டியில் யாராவது ஒருவர் எழுந்து, வாரத்தில் ஒரு மாலையைக் கூட்டம் எதுவும் போடாமல் விடும்படி கேட்கட்டும். அந்த மாலை புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. அட்டவணையில் அந்த இடம் காலியாகவே அச்சாகட்டும்.